என் ஆளுக்குப் பூஜ்யம்

ஜூன் 8, ஞாயிறு

ஸ்ரீகாந்த் இன்றைக்கும் வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டர் சீட்டில் அதைச் சாய்த்து வைத்து, வட்டம், வட்டத்துக்குள் வட்டம், அதிலிருந்து அம்புக்குறி. பார்த்தால் பில்லி சூனியம் வைக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆளைப் பார்க்காதே, இடத்தைப் பார் என்பதுதான் பாடம். ஃபுட்டி பிறந்த ஆஸ்திரேலியாவில் எல்லோரும் இப்படித்தான் டிஃபென்ஸ் ஆடுகிறார்களாம். இவன் பார்த்த ஆஸ்திரேலியா போனில் ஓடுகிற ஆஸ்திரேலியா. கோச்சாம்.

இடத்தைப் பார்த்து நான் என்ன செய்ய? இடமா கோல் போடுகிறது?

நான் ஃபுல் பேக். கோல் கம்பங்களுக்கு முன்னால் கடைசியாக நிற்கிறவள். எதிர் டீமின் பெரிய ஆள் எவளோ அவள் என் ஆள். ஆட்டம் முடியும்போது என் ஆளின் பெயருக்கு நேரே பூஜ்யம் இருந்தால் நான் ஜெயித்தேன். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான், பலகை தேவையில்லை.

சாஹித்யா என்றொரு பெண் இருக்கிறாள், எனக்கு முன்னால் அரைப் பின்வரிசையில் ஆடுகிறாள். மாதாப்பூரில் ஏதோ சாஃப்ட்வேர். டப்பாவில் பழம் நறுக்கிக் கொண்டுவந்து முள்கரண்டியால் சாப்பிடுகிறாள். ஸ்ரீகாந்த் காட்டிய இடத்தில் போய் நின்றாள், பஸ்ஸில் சீட் பிடித்து வைத்த மாதிரி. அவளைத் தாண்டி இரண்டு பேர் ஓடினார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் தேசியப் போட்டிக்கான தெலங்கானா டீம் அறிவிப்பு. எங்கள் டீமிலிருந்து டிஃபென்ஸுக்கு ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம். அடுத்த வருஷம் எனக்கு முப்பத்தைந்து, அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. இந்த வருஷம் விட்டால் போச்சு.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீஸில் மறுபடி கேட்டார்கள், "ரக்பியா மேடம்?" சனத்நகரில் வால்வு செய்கிற கம்பெனியின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்துகொண்டு இதை எத்தனை தடவை விளக்குவது. ரக்பி இல்லை, ஃபுட்டி, ஆஸ்திரேலியா ஃபுட்பால். நாலு கம்பம். நடுவில் இருக்கிற இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு பாயின்ட். பக்கத்து இடைவெளியில் போனால் ஒன்று. உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடித்தால் நிதானமாக நின்று உதைக்கலாம், யாரும் தொடக்கூடாது. மைதானம் கிரிக்கெட் மைதானம். ஆஃப்சைட் கிடையாது, யாரும் எங்கேயும் போகலாம். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு கணேஷ்குமார், "அப்ப கோல்கீப்பர் யாரு?" என்றான்.

கோல்கீப்பரே கிடையாது, அதனால்தான் நான் இருக்கிறேன் என்றேன். புரியவில்லை. புரியவும் வேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் லீக் ஆட்டம். ஜெயித்தோம். ஆனால் அம்பயர் என்று ஒரு ஜந்துவை நிறுத்தியிருந்தார்கள். மூன்று தடவை எனக்கு எதிராக ஃப்ரீ கிக். பந்து கையில் இல்லாதவளைப் பிடித்தேனாம். முழங்காலுக்குக் கீழே பிடித்தேனாம்.

பிடித்தேன்தான். பத்து வருஷம் கபடியில் லெஃப்ட் கார்னர் ஆடியவள் நான். ஒருத்தி என்னைத் தாண்டி ஓடினால் என் கை தானாகக் கணுக்காலுக்குப் போகும், என்னைக் கேட்டுக்கொண்டு போகாது. இந்த ஊரில் ஃபுட்டி ஆடுகிற பாதிப்பேர் கபடியிலிருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் இதே வியாதி. ஆஸ்திரேலியாக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், அவனுக்குக் காலைப் பிடிக்கத் தெரியாது.

ஸ்ரீகாந்த் இரண்டு கைக்குட்டைகளைக் கொடுத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யச் சொன்னான். கையில் துணி இருந்தால் ஆளைப் பிடிக்க முடியாதாம். எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி இருக்கிறது என்றேன். "ஹவ் அக்கா, ஆமா, அப்படித்தான் இருக்கும்," என்று சிரிக்கிறான்.

ஜூன் 17, செவ்வாய்

கைக்குட்டை வேலை செய்கிறது. அவனிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாதாப்பூர் டீமின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவர்களோடு. என் வீட்டுக்காரர் பிளஸ்ஸன் சர்ச்சுக்குத் தனியாகத்தான் போனார். மாமியார் போனில் கேட்டதற்கு எனக்குத் தலைவலி என்று சொன்னாராம். ஆறு வாரமாக எனக்குத் தலைவலி.

அவர்களுடைய பெரிய ஆள் ஹர்ஷிதா. முன்பு வாலிபால் ஆடியவள், என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் குதித்துப் பந்தைப் பிடிக்கும்போது ஓரத்தில் நின்றவர்களெல்லாம் ஆவென்று வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஒன்றும் பிளக்கவில்லை. குதிக்கத் தெரியும், அவ்வளவுதான். இடது காலில்தான் எழும்புகிறாள். பந்து காற்றில் இருக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே பார்ப்பதில்லை. இடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டி நின்று, இடது காலை ஊன்றுகிற இடத்தில் நான் முன்னாலேயே நின்றுவிட்டால் அவள் எழும்பவே முடியாது. எழும்பினாலும் பந்தைப் பிடிக்க வேண்டியவள் அவள். நான் பந்தை ஒரு குத்து குத்தித் தள்ளினால் போதும்.

ஆட்டத்தின் நடுவே அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். இவளைப் போய் ஸ்டார் என்கிறார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

ஹர்ஷிதா பூஜ்யம்.

மறுபடி எழுதுகிறேன், ஹர்ஷிதா பூஜ்யம். ஒரு கோல் இல்லை. பக்கத்து இடைவெளியில் ஒரு பாயின்ட்கூட இல்லை. அவள் போன இடமெல்லாம் போனேன். முதல் க்வார்ட்டரில் இரண்டு தடவை எழும்பப் பார்த்தாள், இரண்டு தடவையும் பந்தைக் குத்தி வெளியே தள்ளினேன். அதோடு அவளுக்குத் தைரியம் போய்விட்டது. கம்பத்துப் பக்கமே வரவில்லை. நடு மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். விட்டேனா? அங்கேயும் போய் ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சமயம் என்னிடம், "அக்கா, எங்க வேலை பாக்கறீங்க?" என்று தெலுங்கில் விசாரித்தாள். ஆட்டத்தின் நடுவில் அரட்டை. இப்படி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை.

நாங்கள் முப்பத்தொன்று பாயின்ட்டில் தோற்றோம். அது மற்றவர்களின் லட்சணம். ஆளுக்கு ஆள் நான் பார்த்த மாதிரி பார்த்திருந்தால் தோற்போமா? அவர்கள் டீமின் குட்டைப் பெண்கள் இரண்டு பேர் ஓடி ஓடி உதைக்கிறார்கள், எங்கள் டீமில் எவளுக்கும் தடுக்கத் துப்பில்லை. சாஹித்யா சாரி சாரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்ரீகாந்த் என்னிடம் ஒன்றுமே பேசவில்லை. பாராட்ட மனசு வரவில்லை போலிருக்கிறது.

ஜூலை 2, புதன்

சாஹித்யா ஆட்டத்தின் வீடியோவை குரூப்பில் போட்டிருந்தாள். என் ஆட்டத்தை ரசிக்கலாம் என்று டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், ரசிக்கத்தான் உட்கார்ந்தேன்.

என்னைக் காணோம்.

கம்பங்கள் இருக்கின்றன. முன்னால் பெரிய காலி மைதானம். அந்தக் குட்டைப் பெண் பந்தை எடுக்கிறாள், ஓடுகிறாள், சாவகாசமாக உதைக்கிறாள். ஆறு பாயின்ட். ஃபுல் பேக் எங்கே? ஃபுல் பேக் மேலே நடு மைதானத்தில், ஹர்ஷிதாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த கோல். அப்போதும் அங்கேதான். அதற்கடுத்த கோல் விழும்போது ஹர்ஷிதா என்னிடம் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், பின்னால் அவர்கள் கைதட்டிக்கொள்கிறார்கள்.

அவளுக்குத் தைரியம் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஆட்டுக்குட்டியைத் தழை காட்டிக் கூட்டிப்போவது மாதிரி. நான்தான் பின்னாலேயே போயிருக்கிறேன் — ஐயோ, எவ்வளவு பெருமையாய்ப் போயிருக்கேன். சனியனே ஜூடித், உனக்குக் கண்ணு எங்கடி இருந்துச்சு?

டீ ஆறிவிட்டது. பிளஸ்ஸன் என்னவென்று கேட்டார். தலைவலி என்றேன். இந்தத் தடவை நிஜம்.

ஜூலை 6, ஞாயிறு

ஸ்ரீகாந்திடம் போய்க் கேட்டேன், தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று. மூன்று மாதமாகப் பலகையில் அதைத்தானே போடுகிறேன் அக்கா என்றான். எனக்கு அவன் மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை. சரியாகச் சொல்கிறவன் மேல் வருகிற வெறுப்பு வேறு ரகம், இன்னும் மோசமானது.

இறுதி ஆட்டத்தில் மறுபடி மாதாப்பூரோடுதான் மோத வேண்டியிருக்கும், அதற்கு ஏற்பாடு இதுதான். கிரிக்கெட் மைதானத்தில் உள்வட்டக் கோடு போட்டிருப்பார்களே, அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஹர்ஷிதா மேலே போனால் அவள் சாஹித்யாவின் ஆள். நான் கம்பத்துக்குத் திரும்பிவிட வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் மறுபடி என் ஆள். கை மாற்றும்போது கத்திச் சொல்ல வேண்டும்.

கத்த வேண்டும் என்றதும் சாஹித்யாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் வீட்டில் தமிழ்தான், தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். ஆனால் தமிழில் கேட்டால் பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷில் பதில் வரும். முதல் தடவை நான் "உன் ஆளு!" என்று கத்தினேன். அவள் ஓடிவந்தாள். அவள் முறை வந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "எக்ஸ்க்யூஸ் மீ அக்கா," என்றாள்.

எக்ஸ்க்யூஸ் மீ! லிஃப்டில் ஏறுகிறாளா? இவளிடம் என் ஆளைக் கொடுக்க வேண்டுமாம்.

ஜூலை 13, ஞாயிறு

போனாலு, அம்மன் திருவிழா. ரோடெல்லாம் அடைப்பு, மைதானத்துக்குப் போக வழியில்லை. சர்ச்சுக்குப் போனேன். மாமியார் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூலை 20, ஞாயிறு

நல்ல மழை. சேற்றில் பயிற்சி. கை மாற்றுவது பத்தில் எட்டு தடவை சொதப்பல். ஸ்ரீகாந்தே ஹர்ஷிதா மாதிரி நடித்து மேலேயும் கீழேயும் ஓடினான். நான் கத்தினேன், சாஹித்யா வந்தாள், ஆனாலும் பின்னால் கோல் விழுந்துகொண்டே இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவளிடம், "உனக்கு ஒரு ஆளைப் பாத்துக்கத் துப்பில்ல, போய் ஏசி ரூம்ல உக்காரு," என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். முகத்தில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னாள்: "நீங்க கொடுக்கல அக்கா. கொடுத்துட்டு நீங்களும் கூட வர்றீங்க. நாம ரெண்டு பேரும் ஒருத்தியப் பிடிச்சுட்டு நிக்கறோம். கோல் எம்ப்டி."

சேற்றில் என் கால் தடம் இருந்தது. கோட்டைத் தாண்டி நாலைந்து அடி மேலே. ஒவ்வொரு தடவையும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு என்னதான் ஆகிறது? விட வேண்டும் என்று தெரிகிறது. கத்துகிறேன். அப்புறமும் கால் போகிறதே. என் ஆளை வேறு ஒருத்தி பார்த்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க — அதுவும் அந்த முள்கரண்டி — எனக்கு வயிறு எரிகிறது. எரியத்தான் செய்கிறது, அதை மறைத்து என்ன.

ஜூலை 23, புதன்

பிளஸ்ஸன் சொன்னார்: "நக்கோ ஜூடி, வேணாம், இந்த வயசுல இது என்னத்துக்கு." அவருக்குச் சோறு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

இறுதி ஆட்டம். மறுபடி மாதாப்பூர். தேர்வுக் கமிட்டி கூடாரத்தின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் உலகநாதன் சார், மடியில் சமோசாப் பொட்டலம். வாலிபால், பாஸ்கெட்பால், இப்போது ஃபுட்டி என்று எல்லா கமிட்டியிலும் இருக்கிறவர், எதையும் ஆடிப் பார்த்தவரில்லை.

முதல் க்வார்ட்டரிலேயே ஹர்ஷிதா நடக்க ஆரம்பித்தாள். நடை என்றால் உலாத்தல். நானும் கூடவே போனேன். கோடு வந்தது. "உன் ஆளு!" என்று கத்திவிட்டு நின்றேன்.

நின்றேன். என்னால் எழுத முடிவது அவ்வளவுதான், ஆனால் அது லேசாக இருக்கவில்லை. ஹர்ஷிதா திரும்பிப் பார்த்தாள். நான் வருவேன் என்று காத்திருந்தாள், அது அவள் முகத்திலேயே தெரிந்தது. சாஹித்யா வந்து அவளோடு ஒட்டிக்கொண்டாள். நான் முதுகைக் காட்டித் திரும்பிக் கம்பத்துக்கு நடந்தேன். அங்கே என் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. காவல் காக்க ஆளே இல்லாத காவல்காரி. என்னையே எனக்குப் பார்க்கக் கேவலமாக இருந்தது.

பந்து வர ஆரம்பித்தது. எல்லாம் என்னிடமே வந்தது. அவர்கள் அந்தக் காலி இடத்தை நம்பித்தான் உதைக்கிறார்கள், அந்த இடத்தில் நான் இருக்கிறேன். குட்டைப் பெண்கள் ஓடிவந்தார்கள், ஓடிவந்து நின்றார்கள். நான் பிடித்துப் பிடித்து வெளியே உதைத்தேன். இரண்டாம் பாதியில் ஹர்ஷிதா கடுப்பாகி நடையை விட்டு ஓட ஆரம்பித்தாள். சாஹித்யா கூடவே ஓடினாள். "நீ இல்ல அக்கா, நான்! என் ஆளு!" என்று ஒரு தடவை கத்தினாள். மைதானமே திரும்பிப் பார்த்தது. அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கிறதா?

கடைசியில் நாலு பாயின்ட் முன்னால் இருந்தோம். உயரமாக ஒரு பந்து வந்தது, இரண்டு பேர் என் மேலே விழுகிறார்கள். பிடிக்க முடியாது. பக்கத்து இடைவெளி வழியாக நானே பந்தைத் தட்டி வெளியே அனுப்பினேன். அவர்களுக்கு ஒரு பாயின்ட். ஆறு போவதற்கு ஒன்று போகட்டும். கூடாரத்தில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள், என் பக்கத்து கோலில் நானே போட்டுக்கொண்டேன் என்று நினைத்திருப்பார்கள். பிளஸ்ஸன் சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார் போல, ஓரத்தில் நின்று கைதட்டினார். அவருக்கும் புரிந்திருக்காது, என்னைப் பார்த்தால் தட்டுவார்.

மூன்று பாயின்ட்டில் ஜெயித்தோம். ஹர்ஷிதா பூஜ்யம். சாஹித்யாவின் ஆள் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டீம் அறிவித்துவிட்டார்கள். ஹர்ஷிதா உண்டு. டிஃபென்ஸுக்கு எங்கள் டீமிலிருந்து சாஹித்யா. நான் இல்லை.

நேரே உலகநாதன் சார் வீட்டுக்குப் போனேன், மௌலா அலியில் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். கதவைத் திறந்தவர் காபி சாப்பிடச் சொன்னார். வேண்டாம், காரணம் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு ஒளிவு மறைவே இல்லை. "அந்தப் பொண்ணு ஹர்ஷிதாவ ஜீரோல நிறுத்திச்சும்மா. நீங்க யார நிறுத்தினீங்க? உங்களுக்கு ஆளே இல்லையே. கம்பத்துகிட்ட சும்மாதான நின்னீங்க."

சும்மா நின்றேனாம்.

வாயைத் திறந்தேன். முதல் ஆட்டத்தில் நானும் அவளைப் பூஜ்யத்தில்தான் நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குப் புரிந்திருக்கும், டீமில் சேர்த்துக்கூட இருப்பார். ஆனால் அந்த ஆட்டம் முப்பத்தொன்று பாயின்ட்டில் போனதே, அதையா என் தகுதி என்று நீட்டுவேன்? இரண்டாவது ஆட்டத்தை அவருக்கு விளக்கப் பார்த்தேன். ஆளுக்கு ஆள் கணக்குத்தானேம்மா டிஃபென்ஸ் என்று எனக்கே பாடம் எடுத்தார். மூட மனுஷன். அதைவிட மூடமாய் இரண்டு மாதம் முன்பு ஒருத்தி இருந்தாள், அவளிடம் கேட்டிருந்தால் சரியாய்ச் சொன்னீங்க சார் என்றிருப்பாள்.

காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். தண்ணீர்க் காபி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாஹித்யா ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். மாதாப்பூரிலிருந்து சனத்நகருக்கு, சாயங்கால டிராஃபிக்கில். தான் விலகிக்கொள்கிறேன், கமிட்டியிடம் பேசுகிறேன் என்றாள். பைத்தியமா உனக்கு, நீ விலகினால் வேறு எவளையாவது எடுப்பார்கள், என்னையா எடுப்பார்கள், போய் ஆடு என்று திட்டினேன்.

போகும்போது கேட்டாள், "அங்க நான் ஃபுல் பேக் அக்கா. என் ஆளு மேல போனா நீங்க எப்படி நின்னீங்க? பயமா இல்லையா?"

பயம் இல்லை, எரியும் என்றேன். எரிந்துகொண்டேதான் நிற்க வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியாது.

அவள் பழ டப்பாவை நீட்டினாள். பப்பாளி. ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன், கையால்.

ஆகஸ்ட் 9, சனி

கால் முட்டி வீங்கியிருக்கிறது. யாருக்காக வீங்குகிறதோ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேசியப் போட்டியை யூடியூபில் காட்டினார்கள். பார்க்கப் போவதில்லை என்றுதான் இருந்தேன். பிளஸ்ஸன் டிவியில் போட்டுவிட்டு, எனக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டார். பழைய தந்திரம்.

வர்ணனை என்ற பேரில் ஒருவன் உளறிக்கொண்டிருந்தான். இரண்டாவது க்வார்ட்டரில் எதிர் டீமின் பெரிய ஆள் மெல்ல நடு மைதானத்துக்கு உலாத்தப் போனாள். சாஹித்யா கூடவே போனாள். நாலடி, ஐந்தடி. நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். கோட்டில் நின்றாள். முன்னால் இருந்தவளைப் பார்த்துக் கத்தினாள், வர்ணனைக்காரனின் உளறலில் அவள் குரல் கேட்கவில்லை, வாய்தான் தெரிந்தது. அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பிக் கம்பத்துக்கு நடந்து வந்து தனியாக நின்றாள். தெலங்கானாவின் ஃபுல் பேக் ஆளைத் தவறவிட்டுவிட்டார் என்று வர்ணனைக்காரன் பரிதாபப்பட்டான்.

பந்தை வைத்திருந்தவள் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். அங்கே சாஹித்யா. உதைக்காமல் பக்கவாட்டில் போட்டாள், அது மைதானத்துக்கு வெளியே போய்விட்டது. பந்து கம்பத்துப் பக்கமே வரவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. நான் போட்ட சத்தத்தில் பிளஸ்ஸன் கரண்டியோடு ஓடிவந்து, கோலா என்று கேட்டார்.

"இல்லங்க," என்றேன். "ஒருத்தி சும்மா நின்னா. இருங்க, பின்னால தள்ளிக் காட்டுறேன்."